நாலாவது மாடியில் ஒரு ஸ்தோத்திரம்

கதவு திறந்தது. ஸ்டெல்லா அக்காவின் வாயும் திறந்தது. இரண்டில் எது முந்தியது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"ஸ்தோத்திரம்மா!" என்றார் அக்கா, கல்யாண வீட்டு மைக் மாதிரி.

நான் அவருடைய முழங்கையைக் கிள்ளினேன். பிந்திவிட்டது. கதவைத் திறந்த அம்மாளின் தலைக்கு மேலே, நிலையில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். அதற்கும் மேலே குங்குமம் வைத்த பிள்ளையார் படம். அந்த அம்மாளின் நெற்றியிலோ பளிச்சென்று திருநீறு. இத்தனையையும் பார்த்துக்கொண்டேதான் அக்கா அதைச் சொன்னார்.

அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. ஆனால் பதில் வந்தது. உள்ளே சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவிலிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல், பழகிய ராகத்தோடு வந்தது.

"ஸ்தோத்திரம்!"

உடனே குழாய் நின்றது. பாத்திரச் சத்தமும் நின்றது. வாசலில் கேக் டப்பாவோடு நாங்கள் இருவர், கதவைப் பிடித்தபடி அந்த அம்மாள். பிறகு அந்த அம்மாள் கழுத்தை மட்டும் திருப்பி, சமையலறைப் பக்கம் பார்த்தார்.

கதவு படிக்கிற வேலை

அந்த வாசலில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னை ஆள் பிடிக்கிற கும்பல் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

ஓய்வு பெற்ற புதிது எனக்கு. போர்ட் கிள்ளானில் கப்பல் அலுவலகத்தில் ஓடிய கால்கள், வீட்டில் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவித்தன. கூட்டின இடத்தையே கூட்டினேன். அலமாரியைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்து, "உனக்குக் கால்ல சக்கரம்தான். எங்கயாவது போயிட்டு வா, புண்ணியமாப் போகும்" என்பார். எனக்கு மட்டுமா புண்ணியம், அவருக்கும்தான்.

அந்த நேரத்தில்தான் எங்கள் சபையில் பின்வரிசைப் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டிருந்தன. படித்த பிள்ளைகள் சுபாங் ஜெயா பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே குளிரூட்டிய சபைகள், பெரிய திரை, டிரம்ஸ். எங்களுடையதில் நான்கு மின்விசிறிகள் சுற்றும், ஒன்று கத்தும். இளம் பாஸ்டருக்கு அதைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறவில்லை. மேரு போகிற வழியில் புதிதாக எழும்பியிருந்த அடுக்குமாடிகளில் குடும்பங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. கம்போங் மேடானிலிருந்து சிலர், பேராக்கிலிருந்து சிலர், மூடிப்போன ரப்பர் தோட்டங்களிலிருந்து சிலர்.

"புதுசா வர்றவங்களுக்கு யாரையும் தெரியாது. நாம போய் ஒரு வெல்கம் சொல்லுவோம், ஆன்டி" என்றார் பாஸ்டர்.

என்னை ஸ்டெல்லா அக்காவோடு சேர்த்துவிட்டார்கள். நல்ல மனசு அவருக்கு, ரவையில் சுஜி கேக் செய்தால் கிள்ளானே மணக்கும். ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. சனிக்கிழமை மதியத்தில் இரண்டு பேராகக் கிளம்புவோம்.

கதவைத் தட்டுமுன் கதவைப் படிக்க வேண்டும். இதுதான் எங்கள் தொழில் நுணுக்கம். நிலைக்கு மேல் அரபு எழுத்து இருந்தால் முஸ்லிம் வீடு, அங்கே தட்டுவதில்லை. அவர்களிடம் நம் மதத்தைப் பேசக் கூடாது, நாட்டுச் சட்டமும் அதுதான், புத்தியும் அதுதான். எதிரே வந்தால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுவோம். சிவப்பு விளக்கு எரிகிற சாமி மாடம் இருந்தால் சீன வீடு, நம்முடைய தமிழுக்கு அங்கே வேலையில்லை. சிலுவையோ வசனமோ தொங்கினால் தாராளமாக ஸ்தோத்திரம் சொல்லலாம். மாவிலைத் தோரணம் இருந்தால் 'வணக்கம்' மட்டும். அங்கே கேக்கைக் கொடுத்து, ராத்திரிச் சந்தையான பாசார் மாலாம் எந்தக் கிழமை, கிளினிக் எங்கே, தமிழ்ப்பள்ளிக்கு எந்தப் பேருந்து என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அவர்களாகக் கேட்டாலொழிய சாமி பேச்சு எடுக்கக் கூடாது.

கேக் கொடுப்பது வெறும் கேக் கொடுக்கத்தானா என்று நீங்கள் கேட்கலாம். பாஸ்டருக்கு ஆத்துமாக்கள் வேண்டும், எனக்குப் போக ஓர் இடம் வேண்டும். ஸ்டெல்லா அக்காவுக்குப் பேச ஆள் வேண்டும். ஆண்டவருக்கு என்ன வேண்டும் என்று அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. "எங்க வீட்ல சாமி இருக்கு, நீங்க போங்க" என்றார் ஒருவர். எனக்குக் கோபம் வரவில்லை. என் சொந்தத்திலேயே பாதிப்பேர் அதைத்தான் எனக்குச் சொல்வார்கள்.

அந்தச் சொல்லின் குணம்

தும்மினால் கண் மூடுகிறதல்லவா, எங்களுக்கு ஸ்தோத்திரம் அப்படி. ஒரு கிறிஸ்தவர் சொன்னால் இன்னொருவர் திருப்பிச் சொல்லியாக வேண்டும். யோசித்துச் சொல்கிற சொல் இல்லை அது. சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் ஏறினது, சாகும்வரை இறங்காது.

கப்பல் அலுவலகத்தில் என் தொலைபேசிக்கு மணி அடித்தால் பாதி நேரம் சபைக்காரர்கள்தான். நான் ஸ்தோத்திரம் என்று எடுப்பேன், ஸ்தோத்திரம் என்று வைப்பேன். பக்கத்து மேசைச் சீன மேலாளர் அதை 'ஹலோ'வுக்குத் தமிழ் என்றே நினைத்துவிட்டார். ஒருநாள் லோரி ஓட்டி வந்த தமிழ் அண்ணனிடம் கை நீட்டி, "ஸ்தோத்திரம் பாஸ்!" என்றார். அந்த அண்ணன் ஒரு முருக பக்தர். மேலாளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கையெழுத்து வாங்காமலேயே போய்விட்டார்.

எங்கள் சித்தப்பா ஒருவர் பல் பிடுங்கப் போய், மயக்க ஊசியின் பாதித் தூக்கத்தில், அறைக்கு வெளியே யாரோ சொன்ன ஸ்தோத்திரத்துக்கு வாய் நிறையப் பஞ்சோடு பதில் சொன்னார். அதை நான் நேரில் கேட்டேன்.

ஆகவே அன்றைக்கு நடந்ததில் அதிசயம் இல்லை. எதிர் பிளாக்கில், ஈப்போவிலிருந்து வந்த ஜேக்கப் என்பவர் வீட்டில் ஒரு மணி நேரம் ஜெபித்துவிட்டு நேராக இந்தப் பிளாக்குக்கு வந்திருந்தோம். ஸ்டெல்லா அக்காவின் வாய்ச் சூடு ஆறவில்லை. அவர் சொல்லிவிட்டார். உள்ளே இருந்தவளும் ஒரு காலத்தில் ஞாயிறு பள்ளியில் படித்தவள். அவள் பதில் சொல்லிவிட்டாள்.

கோப்பி

அவள் சமையலறையிலிருந்து வெளியே வந்தபோது கை ஈரத்தைக் கைலியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை காய்ந்த பிறகும் துடைத்தாள். பொட்டு, கழுத்தில் தாலிக்கயிறு, கண்ணில் அப்பட்டமான பயம். முப்பது வயதுகூட இருக்காது.

"என் மருமக. விமலா" என்றார் அந்த அம்மாள். தன் பெயர் தனம் என்றார். மகன் மேரு தொழிற்சாலையில் ஷிப்டில் இருப்பதாகவும் சொன்னார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

விமலா என்ற பெயர் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். அதனால்தான் பெயரை மாற்றாமல் தப்பித்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதே உறைத்தது.

"வேல எடத்துல பழகிடுச்சி அத்தே" என்றாள் அவள், யாரும் கேட்காமலேயே. "பாலர் பள்ளி ஓனர் ஒரு கிறிஸ்டியன் லா. காலைல போனா அப்படித்தான் சொல்வாங்க. அதான் வாயில வந்துடுச்சி."

"ஆமாமா, வேல எடத்துல அப்படித்தான் ஒட்டிக்கும்" என்றேன் நான் அவசரமாக. "எங்க ஆபீஸ்ல சீன பாஸே சொல்வாரு." ஸ்டெல்லா அக்கா வாயைத் திறந்தார். இந்த முறை காலை மிதித்தேன், சரியான நேரத்தில்.

"கோப்பி போடு" என்று மட்டும் தனம் அக்காள் மருமகளிடம் சொன்னார். உட்கார்ந்தோம். கோப்பி குடித்தோம். பாசார் மாலாம் பற்றிப் பேசினோம். விமலாவின் அப்பா வீடு பந்திங் என்று தெரிந்தது. கோவிலில் வைத்துக் கல்யாணம் என்றும் தெரிந்தது. கோப்பி சுட்டதை மட்டும் நாக்கு நினைவு வைத்திருக்கிறது, மற்றபடி என்ன குடித்தேனோ.

லிஃப்டுக்கு நின்றபோது குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு விமலா ஓடி வந்தாள். பை காலியாக இருந்தது.

"ஆன்டி, ப்ளீஸ். இனிமே வராதீங்க."

"உன்ன திட்டுவாங்களாம்மா? அடிப்பாங்களா?" என்று கேட்டார் ஸ்டெல்லா அக்கா.

"ஐயோ இல்ல ஆன்டி. நல்லவங்க. ரொம்ப நல்லவங்க. அதான் பயமா இருக்கு."

லிஃப்ட் வந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். ஸ்டெல்லா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரூத்து, இவ காணாமப்போன ஆடு. கர்த்தர் நம்ம கையில காட்டிட்டாரு" என்றார் என்னிடம். நான் அவரை லிஃப்டுக்குள் இழுத்தேன்.

பேர் சொல்லாத ஜெபம்

எங்கள் சபையில் புறம் பேசுவது பாவம். ஆனால் ஜெபக் குறிப்பு சொல்வது பாவம் இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், முன்னதில் கண்ணைத் திறந்துகொண்டு சொல்கிறோம், பின்னதில் மூடிக்கொண்டு சொல்கிறோம். அவ்வளவுதான்.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் ஸ்டெல்லா அக்கா எழுந்தார். நான் அவர் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தேன். இழுத்த பக்கம் மட்டும் சரிந்தது.

"பேரு சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தார். "ஒரு சகோதரிக்காக ஜெபிக்கணும். மேரு ரோட்டுப் புது ப்ளாட். நாலாவது மாடி. பந்திங் புள்ள. பாலர் பள்ளில டீச்சரு. ஆண்டவர விட்டுட்டு இந்துப் பையனக் கட்டிக்கிட்டு, இப்ப வெளிய சொல்ல முடியாம தவிக்குது."

பேர் மட்டும்தான் பாக்கி. அதையும் பின்வரிசையில் ஒருவர் தீர்த்துவைத்தார். "பந்திங்கா? நம்ம மார்த்தாவோட தங்கச்சி மகளா இருக்கும். விமலா!"

சபை முழுவதும் உச்சுக்கொட்டியது. பிறகு எல்லாரும் கண்ணை மூடி, மனமுருகி ஜெபித்தார்கள். அவர்கள் பொய்யாக ஜெபிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நான் கண்ணைத் திறந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். கிள்ளான் எவ்வளவு சின்ன ஊர் என்று எனக்குத் தெரியும். சபையில் இருப்பவரின் மச்சான் கோவிலில் இருப்பார், கோவிலில் இருப்பவரின் மகள் எங்கள் ஆர்கன் வாசிப்பவளோடு வேலை பார்ப்பாள். ஒரு செய்தி இங்கிருந்து அங்கே போகப் பேருந்துகூட வேண்டாம்.

கூட்டம் கலைந்ததும் பாஸ்டரைப் பிடித்தேன்.

"சனிக்கிழமை நானே போய்ப் பாக்கறேன் ஆன்டி" என்றார். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். "ஒரு ஆடு தொலைஞ்சா மத்ததெல்லாம் விட்டுட்டுத் தேடணும் இல்லையா?"

"தொலைஞ்ச ஆட்டத் தேடலாம் பாஸ்டர். இது தொலையல, வீடு மாறியிருக்கு. அந்த வீட்ல அதுக்குக் கஞ்சி ஊத்தறாங்க."

"அவங்க உள்ளுக்குள்ள அழறாங்களே ஆன்டி."

"நீங்க போனா வெளியிலயும் அழுவாங்க."

அவர் ஜெபித்து முடிவெடுப்பதாகச் சொன்னார். பாஸ்டர்மார் அப்படிச் சொன்னால், முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தேன், இறங்கவில்லை. அந்தப் பெண்ணின் வீடு ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதைச் சுற்றி எங்கள் ஆட்கள் கத்தரிக்கோலோடு நின்று பாட்டுப் பாடுகிறார்கள். என்னால் உட்கார முடியவில்லை.

தனம் அக்காள் சொன்னது

வெள்ளிக்கிழமை காலை நான் மட்டும் போனேன். விமலாவை எச்சரிக்க வேண்டும் என்று நினைப்பு. பாலர் பள்ளிக்கு அவள் எத்தனை மணிக்குக் கிளம்புவாள் என்றுகூட விசாரிக்காமல் கிளம்பினவள் நான். கதவைத் திறந்தது தனம் அக்காள்.

கிரில்லைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தார். பிறகு தாழ்வாரத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க. வெளிய நின்னா நாலு பேரு பாப்பாங்க" என்றார்.

உள்ளே சாம்பிராணி வாசனை. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும் அவருக்கு, முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு என்கூட வந்தவங்க ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டாங்க."

"அவங்க வாய் தவறிச் சொன்னாங்க. என் மருமவ?"

"அது, வேல எடத்துல..."

"பாலர் பள்ளி ஓனரு சீனப் பொம்பள. காலைல நான் போய் விட்டுட்டு வந்திருக்கேன். அந்தம்மா சொல்றது குட் மார்னிங்."

நான் தரையைப் பார்த்தேன்.

"குளிக்கிற ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டுப் பாடுவா. தண்ணிச் சத்தத்துல கேக்காதுன்னு நெனப்பு. நான் என்னா செவிடா?"

"அப்ப உங்களுக்கு மொதல்லேருந்தே..."

"சொல்லாதீங்க." கையை நீட்டித் தடுத்தார். குரல் உயரவில்லை, ஆனால் என் வாய் மூடிக்கொண்டது. "நீங்க சொல்லிட்டா நான் கேட்ட மாதிரி ஆயிடும். கேட்டுட்டா நான் ஏதாச்சும் செய்யணும். எம் புருஷனோட தம்பி கோவில் கமிட்டில இருக்காரு. நாளைக்கே வந்து, 'அண்ணி, என்னமோ பேசிக்கிறாங்களே'ன்னு கேப்பாரு. எனக்கு யாரும் சொல்லலன்னு சொல்லுவேன். அது பொய் இல்ல. எம் மகன் சொல்லல. அவளும் சொல்லல. நானும் கேக்கல. இப்படியே ஓடிக்கிட்டிருக்கு எங்க வீடு."

நான் ஆடிக்கொண்டிருந்த காலைக் கையால் அழுத்திப் பிடித்தேன்.

"நல்ல புள்ள அவ" என்றார். சொல்ல விருப்பமில்லாமல் சொல்கிற மாதிரி இருந்தது. "முட்டி வலின்னா எண்ணெ காய்ச்சித் தேய்ப்பா. வெள்ளிக்கெழம வெளக்கேத்துன்னா ஏத்துவா. கண்ண மூடிக்கிட்டு நிப்பா. யாரக் கும்பிடுறான்னு நான் கேட்டதில்ல. எனக்கும் கோவம் வரும், வராம இல்ல. என் வீட்டு வெளக்கு முன்னால நின்னுக்கிட்டு வேற சாமிய நெனச்சா எந்த மாமியாருக்குக் கோவம் வராது? சோறு போடும்போது கரண்டிய நங்குன்னு வெப்பேன். அவ்ளோதான்."

எழுந்தார். நானும் எழுந்தேன்.

"அடுத்து உங்க சர்ச் ஐயருதான் வருவாருன்னு எனக்குத் தெரியும், வரச் சொல்லாதீங்க. வந்தா ஊருக்கு வெளிச்சமாயிடும். அப்புறம் அவள இங்க வெச்சிக்க முடியாது. போன்னு நான்தான் சொல்லணும். என் வாயால அதச் சொல்ல வெக்காதீங்க."

"யாரும் வர மாட்டாங்கக்கா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

கீழே இறங்கி வண்டியில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண்ணுக்காகவா, அந்த மாமியாருக்காகவா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. என் மாமியார் மிகவும் பக்தியுள்ள கிறிஸ்தவர். அவர் எனக்காக ஒருநாளும் எதையும் காதில் விழாத மாதிரி விட்டதில்லை.

மழை

பாஸ்டரிடம் தனம் அக்காள் சொன்னதைச் சொல்ல முடியாது. சொன்னால் அது அடுத்த புதன்கிழமை ஜெபக் குறிப்பு. "நீங்க அந்த வீட்டுக்குப் போனா நான் இந்த வேலைய விட்டுடறேன், என் காரும் வராது" என்று மட்டும் சொன்னேன். என் கார் இல்லாவிட்டால் ஸ்டெல்லா அக்கா உட்படப் பாதிப்பேர் நடக்க வேண்டும். பாஸ்டர் கடைசியில், "சரி ஆன்டி, மேல போகல" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், நல்ல பிள்ளை.

ஆனால் டிசம்பர் வந்தது. டிசம்பர் என்றால் எங்களுக்குக் கேரல். கிட்டாரும் தபேலாவுமாக வீடு வீடாகப் போய்ப் பாடுவோம். எதிர் பிளாக் ஜேக்கப் வீட்டுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. அவர் வீட்டுக் கூடத்தில் கட்டில் போட்டு அவர் அப்பாவைப் படுக்க வைத்திருந்தார்கள், எங்கள் கூட்டத்துக்கு இடமில்லை. கீழே இரண்டு பிளாக்குக்கும் நடுவில் இருந்த திடலில் நின்று இரண்டு பாட்டுப் பாடுவதென்று முடிவு. நிர்வாகத்தில் கேட்டு அனுமதியும் வாங்கிவிட்டார்கள்.

"வேணாம் பாஸ்டர், உள்ளேயே நெருக்கி நிப்போம்" என்றேன்.

"ஆன்டி, ஜேக்கப் அண்ணனோட அப்பாவுக்கு ஜன்னல் வழியாக் கேக்கணுமாம். அதுக்கும் நோ சொல்வீங்களா?"

அதற்கு எப்படி நோ சொல்வது? தனம் அக்காளிடம் போய் விளக்கலாம் என்றால், யாரும் வரமாட்டார்கள் என்று சொன்னவளே மறுபடி போய் நிற்க வேண்டும். வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகக் காரில் ஏறினேன்.

சாயங்கால வெயில் பிளாக் சுவரில் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. யாரோ கருவாடு பொரிக்கும் வாசனை. ஸ்டெல்லா அக்கா சிவப்புத் தொப்பி போட்டிருந்தார். நான் அவர் பக்கத்திலேயே நின்று, கையைக் கோத்துக்கொண்டேன். பாசம் என்று நினைத்து அவரும் இறுக்கிப் பிடித்தார். மேலே பார்த்துக் கையாட்டிவிடுவாரோ என்ற பயம் எனக்கு.

பாட்டு ஆரம்பித்தது. பழைய தமிழ்க் கீர்த்தனை, பந்திங்கிலும் பாடுவார்கள், பேராக்கிலும் பாடுவார்கள். தமிழ்ச் சபைகளில் அதைத் தெரியாத பிள்ளை கிடையாது. எனக்கு வாய் அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. கண் நாலாவது மாடியில் இருந்தது.

தனம் அக்காள் பால்கனிக்கு வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அத்தனை உயரத்திலிருந்தும் அந்தப் பார்வை எனக்குத் தெரிந்தது. ஏழெட்டு வீட்டுப் பால்கனிகளில் ஆட்கள் நின்றிருந்தார்கள். தாழ்வாரம் முழுவதும் தமிழர்கள். அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

போச்சு என்று நினைத்தேன். அந்தப் பெண்ணின் வாழ்க்கை போச்சு.

அப்போது உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. எங்கள் தபேலாவையும் மீறி, ஊருக்கே கேட்கிற மாதிரி இருந்தது.

"விமலா! மழ வருது பாரு! போயி துணிய எடு!"

திடலில் நின்ற எல்லாரும் வானத்தைப் பார்த்தோம். ஒரு பொட்டு மேகம் இல்லை. ஸ்டெல்லா அக்கா உள்ளங்கையை நீட்டித் துளி விழுகிறதா என்று பார்த்தார்.

விமலா பால்கனிக்கு வந்தாள். கொடி நிறையத் துணி. முதல் கிளிப்பை எடுத்து வாயில் கவ்விக்கொண்டாள். ஒரு சட்டையை எடுத்து, மடித்து, தோளில் போட்டாள். அடுத்த கிளிப். அடுத்த துணி. எந்த வீட்டுப் பெண்ணும் துணியை அவ்வளவு மெதுவாக எடுத்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றையும் நீவி நீவி மடித்தாள். எங்கள் பக்கம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஆனால் சரணம் முடிந்து பல்லவி திரும்பும் இடத்தில் அவள் கை நின்றது, பல்லவி எடுத்ததும் மறுபடி அசைந்தது.

பாட்டு முடிந்தபோது கொடி காலி. அவள் தோளில் துணிக்குவியலோடு, கிளிப்பை வாயில் கடித்தபடி அப்படியே நின்றாள். இனி உள்ளே போக வேண்டியதுதான், அங்கே நிற்க ஒரு காரணமும் மிச்சமில்லை. கீழே பாஸ்டர் ஜேக்கப்பிடம் இரண்டாவது பாட்டு எது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மழ போயிடுச்சி" என்றது உள்ளேயிருந்து அந்தக் குரல், அதே கடுகடுப்போடு. "திரும்பக் காயப் போடு."

விமலா வாயிலிருந்து கிளிப்பை எடுத்தாள். காய்ந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். பாஸ்டர் கிட்டாரைத் தொட்டார். நான் ஸ்டெல்லா அக்காவின் கையை விட்டுவிட்டு, சத்தமாகப் பாடினேன்.